கதவு கத்துச்சு, யாரும் திரும்பிப் பார்க்கல: இது பாதுகாப்பா, பாவனையா?

#1 கொளத்தூர்க்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட ஒரு மாலுக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம், எல்லா மாலும் அப்படித்தான். வாசல்ல மெட்டல் டிடெக்டர் கதவு. எனக்கு முன்னாடி போன பத்துப் பேருக்கும் கத்துச்சு, எனக்கும் கத்துச்சு. பக்கத்துல நின்ன பெரியவர் கையில வச்சிருந்த கருவியை என் இடுப்போரமா ஒரு ஆட்டு ஆட்டிட்டு "போங்க சார்"னாரு.

நான் எலக்ட்ரீசியன். ஒரு வேலையை முடிச்சுட்டு நேரா வந்ததால தோள்ல டூல்ஸ் பை. டெஸ்டர், கட்டிங் பிளேயர், வயர் சீவுற கத்தி, ரெண்டு சுருள் வயர், பேட்டரி எல்லாம் உள்ள இருக்கு. ஜிப்பைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தாரு, மூடிட்டாரு. அடுத்தது என் மாமியாரோட வயர்கூடை. அதுல எவர்சில்வர் டப்பா, டப்பாவுல முறுக்கு. "அம்மா, வெளிச் சாப்பாடு அலவ் இல்ல." கூடையை வாங்கி வச்சு டோக்கன் குடுத்துட்டாங்க.

கத்தியும் வயரும் பேட்டரியும் உள்ள போயிடுச்சு. முறுக்கு மாட்டிக்கிச்சு.

சிரிச்சுக்கிட்டே வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னா, "இதெல்லாம் இருந்தாத்தான் ஒரு தைரியம், சும்மா இருங்க"ங்கறாங்க. அங்கதான் எனக்கு உறுத்துச்சு. 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம்தான் ஊரு பூரா இந்தக் கதவு வந்துச்சு. ஆனா அந்தப் பத்துப் பேரும் கடல் வழியா ரப்பர் படகுல வந்து கொலாபா மீனவர் குடியிருப்புப் பக்கம் இறங்குனவங்க. "யாருப்பா நீங்க"ன்னு முதல்ல கேட்டதே அங்க இருந்த ஜனங்கதான். நமக்கு தைரியம் குடுக்கறதும் நம்மைக் காப்பாத்தறதும் ஒண்ணுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரிட்டையர்டு_காக்கி

தம்பி, முறுக்குக் கதை நல்லாருக்கு. ஆனா ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கீங்க.

1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பு. 58 பேர் செத்த ஊருக்கு வெளி மாவட்டத்துல இருந்து எங்களை பந்தோபஸ்துக்கு ஏத்திட்டுப் போனாங்க. எங்க பாயின்ட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை. மூணு நாளா ஷட்டர் தூக்கல. நாங்க நாலு பேர், கையில லத்தி மட்டும்தான். சும்மா நின்னோம். நாலாம் நாள் கடை திறந்துச்சு. நாங்க நின்னதால ஒரு குண்டாவது நின்னுச்சான்னா எனக்குத் தெரியாது. ஆனா தெருவுல ஆள் நடமாட்டம் வந்துச்சு. அந்த தைரியம் இல்லேன்னா வதந்தி கிளம்பும். அதே ஊர்ல 1997 நவம்பர்ல ஒரு போலீஸ்காரர் கொலைக்கு அப்புறம் நடந்த கலவரத்தை யாரும் மறக்கக் கூடாது. பயந்த கூட்டம் குண்டைவிட மோசம்.

மாலு வாசல்ல இருக்கற கதவு குண்டு வைக்கிறவனுக்கு இல்ல. இடுப்புல கத்தி சொருகிட்டு வர்ற லோக்கல் ரவுடிக்கு.

#3 நேர்வழி

ரிட்டையர்டு சார் சொல்றதுதான் சரி. ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்கு சோதனை போட்டா என்ன பயம்? ரெண்டு நிமிஷம் நின்னா தேய்ஞ்சா போயிடுவோம்? சட்டத்தையும் இன்னும் கடுமையாக்கணும். சிவில் உரிமை பேசறவங்க எல்லாம் ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசறாங்க.

#4 வாவிக்கரை

நான் ஏசி ரூமில இருந்து எழுதவில்லை, மட்டக்களப்பில இருந்து எழுதுறன். மின்விசிறிதான்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்றீங்கள். எங்கட சின்ன வயசில பஸ்ஸை மறிச்சால் எல்லாரும் இறங்கி, ஐசியை (அடையாள அட்டை) கையில பிடிச்சுக்கொண்டு வரிசையில நடந்து, சென்றிக்கு (காவலரண்) அங்கால போய்த் திரும்ப ஏற வேணும். ஒரு பயணத்துக்கு நாலு தரம், அஞ்சு தரம். கொழும்புக்குப் போனால் லொட்ஜில நிற்க பொலிஸ் பதிவு. பதிஞ்ச ஆக்களையும் விடவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் லொட்ஜுகளில இருந்த தமிழ்ச் சனத்தை, 370 பேருக்கு மேல, பஸ்ஸில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினாங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆக்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு நின்ற ஆக்கள் எல்லாம் அதுக்குள்ள. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) தடை போட்டது, பிறகு பிரதமர் வருத்தம் தெரிவிச்சார். கொழும்பில இருந்த மற்றச் சனத்துக்கு அண்டைக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த நிம்மதிக்கான காசைக் கட்டினது யார் எண்டதுதான் கேள்வி.

இனி முக்கியமான கதை. இதைத் தமிழ்நாட்டில கனபேர் அறிய மாட்டீங்கள்.

2018 நவம்பர் 30. எங்கட வாவிக்கு அங்கால வவுணதீவு. அங்க காவலரணில இரவுக் கடமையில நின்ற 2 பொலிஸ்காரரைக் கொலை செய்து போட்டாங்கள். மூன்று நாளைக்கு முதல்தான் புலிகளின்ர மாவீரர் நாள். பிறகென்ன, விசாரிக்க முதலே ஊருக்கு விடை தெரிஞ்சிட்டுது. முன்னாள் போராளி ஒருத்தரைப் பிடிச்சு பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ளுக்குப் போட்டாங்கள். ரிவியில செய்தி வந்தது. "பிடிச்சாச்சு." எல்லாரும் நித்திரைக்குப் போனம்.

செய்தது சஹ்ரானின்ர ஆக்கள், பிறகு உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குத் தலைமை தாங்கினவன். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தற்கொலைக் குண்டுகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்கள், கொழும்பில ஹோட்டல்கள், எங்கட ஊரில சீயோன் தேவாலயம். 260க்கு மேற்பட்ட சனம். அதுக்குப் பிறகு சஹ்ரானின்ர சாரதி பிடிபட்ட இடத்திலதான் வவுணதீவுக் கதை வெளியில வந்தது. உள்ளுக்கிருந்தவரை மே மாதம் விட்டாங்கள்.

அந்த ஆளின்ர உரிமை போனது ஒரு பக்கம். அதை விடுங்கோ, நேர்வழி அண்ணைக்கு அது பெரிசாத் தெரியாது. பிழையான ஆளைப் பிடிச்சு வச்சிருந்த ஒவ்வொரு நாளும் சரியான ஆள் வெளியில சாமான் சேர்த்துக்கொண்டு திரிஞ்சான் எண்டதை யோசியுங்கோ. அந்தச் சட்டம் 1979இல 3 வருஷத்துக்கு என்று கொண்டுவந்தது. 1982இல நிரந்தரமாக்கினாங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு முன்னால குடுத்த வாக்குமூலமே சாட்சி எண்டால், வேற சாட்சி தேடி யார் மினக்கெடப் போறாங்கள்?

#5 மாடக்குளம்

இழையைச் சிரிச்சுக்கிட்டே திறந்தேன். #4 படிச்சுட்டு காப்பி ஆறிப்போச்சு.

#6 கறுப்புக்கோட்டு

வாவிக்கரை கடைசியில் கேட்டதுதான் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றின் நடுநரம்பு. நம் பக்கத்துக்கு வருகிறேன்.

ராஜீவ் வழக்கு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர்கூட மிச்சமில்லை. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள். இந்த வழக்குக்குத் தடாவே பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் போலீஸ் எஸ்பி பதிவு செய்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் மீது சொன்ன குற்றச்சாட்டு அப்படித்தான் நின்றது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல், 'எதற்கு என்று தெரியாமல்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்று அவர் சொன்ன பகுதியை நான் எழுதாமல் விட்டேன் என்றார். வெளியே வந்தது 2022 மே. உள்ளே போகும்போது வயது 19.

தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா இன்னும் வேடிக்கை. 2002இல் நாடாளுமன்றத்தில் அந்த மசோதாவை ஆதரித்த கட்சிகளில் மதிமுகவும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடாவில் கைதானார். சுமார் 19 மாதம் வேலூர் சிறை. கொண்டுவரும்போது யாருக்கோ தைத்த சட்டை மாதிரித்தான் இருக்கும். அளவு யாருக்குப் பொருந்தும் என்பது தைத்தவர் கையில் இல்லை.

இப்போதைய யுஏபிஏவில் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கவனிக்க வேண்டியது 43டி(5). மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, 2008 டிசம்பரில், சேர்த்த பிரிவு. குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை போலத் தெரிந்தால் ஜாமீன் கிடையாது. உண்மை 'போல'. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை நீட்டலாம். விசாரணை முடிய எத்தனை வருடம் ஆகும் என்று கோர்ட் வாசலில் நிற்கும் யாரையாவது கேளுங்கள். ஆக தண்டனை முதலில், தீர்ப்பு பிறகு.

பழங்குடியினருக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி திருச்சிப் பக்கத்துக்காரர். 2020 அக்டோபரில் இதே சட்டத்தில் கைதானபோது 80 வயதைத் தாண்டியவர், பார்க்கின்சன் நோயாளி. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் நெஞ்சில் கொட்டும். உறிஞ்சிக் குடிக்கிற குவளையும் ஸ்ட்ராவும் கேட்டு நவம்பரில் கோர்ட்டுக்கு மனுப் போட்டார். அது வாரக்கணக்கில் வாய்தா போனது. 2021 ஜூலை 5, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். ஒரு ஸ்ட்ராவைத் தள்ளிப்போட்டதில் இந்த நாட்டில் எந்தக் குடிமகன் எத்தனை அங்குலம் பாதுகாப்பாக ஆனான் என்று நேர்வழி சொல்லட்டும்.

#7 நேர்வழி

அப்போ தீவிரவாதிக்கு ஜூஸ் குடுத்து அனுப்பிடலாமா வக்கீல் சார்?

#8 நெறியாளர்

நேர்வழி, கேள்விக்குப் பதில் கேள்வி கேளுங்கள், தவறில்லை. நக்கல் வேண்டாம்.

#9 ரிட்டையர்டு_காக்கி

வக்கீல் சார், ஒண்ணு கேக்கறேன். பெரிய கேஸ்ல சாட்சி சொல்ல எவன் வர்றான்? கூண்டுல ஏறுனா மறுநாள் வீட்டு வாசல்ல ஆள் நிக்கும். பாதி கேஸ்ல சாட்சி பிறழ்ந்துடும். அதனாலதான் வாக்குமூலத்தைப் பிடிச்சுத் தொங்கறோம். சட்டத்தைத் திட்டறீங்க, சாட்சியைக் காப்பாத்தறதுக்கு எத்தனை பைசா ஒதுக்கறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல.

வவுணதீவு கதை எனக்குப் புதுசு. ஸ்டேஷன்ல மேலதிகாரி "நாளைக்குள்ள ஆள் வேணும்"னு போன் பண்ணா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல இங்க எழுத விரும்பல.

#10 பூஜ்யம்_ஒண்ணு

டேட்டா வேலை பார்க்கிறவன். டல்லாஸ்ல இருக்கேன். ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

தமிழ்நாட்டுல 7 கோடிப் பேர். அதுல 700 பேர் ஆபத்தானவங்கன்னு வெச்சுக்குவோம், சும்மா கற்பனைதான். 99 விழுக்காடு சரியாச் சொல்ற மெஷின் ஒண்ணு கிடைச்சுது. கேக்கவே ஜோரா இருக்கில்ல? அந்த 700ல 693 பேரைப் பிடிச்சிடும். கூடவே மீதி ஜனங்கள்ல 1 விழுக்காட்டுக்குத் தப்பா மணி அடிக்கும். அதாவது 7 லட்சம் பேர். மணி அடிச்ச ஆயிரம் பேர்ல ஒருத்தன்தான் நிஜம். குமரன், மால் கதவு பத்துப் பேருக்கும் கத்துச்சுன்னு எழுதினீங்களே, அந்தப் பெரியவர் ஏன் கண்டுக்கலைன்னா இதனாலதான். எல்லாருக்கும் கத்தற கதவை எவ்வளவு நேரம் கேப்பார்?

இதையே கோடிக்கணக்குல பண்ணிப் பார்த்த நாடு இது. 9/11க்கு அப்புறம் யார் யாருக்குப் போன் பண்ணாங்கங்கற பதிவை மொத்தமா வாரிக் குவிச்சாங்க. அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் 2013ல அதை வெளியிட்டாரு. "இது எத்தனையோ தாக்குதலைத் தடுத்துச்சு"ன்னு அதிகாரிங்க சொன்னாங்க. அரசாங்கமே அமைச்ச தனியுரிமை வாரியம் ரகசியக் கோப்புகளைப் பார்த்துட்டு 2014 ஜனவரியில அறிக்கை குடுத்துச்சு: இந்தத் திட்டத்தால எந்த ஒரு பயங்கரவாத விசாரணையோட முடிவும் மாறினதா ஒரு உதாரணம்கூடக் கிடைக்கலைன்னு. 2015ல சட்டம் போட்டு அந்த மொத்த வாரலை நிறுத்தினாங்க.

ஏர்போர்ட் கதை இன்னும் மோசம். 2015ல அரசாங்கமே அனுப்பின அதிகாரிங்க மாறுவேஷத்துல போலி ஆயுதம், போலி வெடிபொருளோட போய்ப் பார்த்தாங்க. 70 தடவை முயற்சி, 67 தடவை உள்ள போயிட்டாங்க. அந்த வரிசையில நான் பெல்ட், ஷூ எல்லாம் கழட்டி சாக்ஸோட நின்னிருக்கேன்.

2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு டெட்ராய்ட் விமானத்துல உள்ளாடையில வெடிமருந்து வெச்சுக்கிட்டுப் போன நைஜீரியப் பையன் ஞாபகம் இருக்கா? அவங்கப்பாவே அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் "என் பையன் போற வழி சரியில்ல"ன்னு சொல்லிட்டு வந்திருந்தார். பெத்தவர் சொன்ன தகவல் லட்சக்கணக்கான பேர் இருக்கற பட்டியல்ல போய் மூழ்கிடுச்சு.

ரிட்டையர்டு சார் சொன்ன பயம் பத்தியும் ஒரு வார்த்தை, அது வெறும் மனசுல இருக்கற விஷயம் இல்ல. 9/11க்கு அப்புறம் விமானத்துக்கு பயந்து ஜனங்க கார்ல போனாங்க. அடுத்த ஒரு வருஷத்துல சாலை விபத்துல கூடுதலா சுமார் 1,500 பேர் செத்திருப்பாங்கன்னு ஜெர்மன் உளவியலாளர் கிகெரன்சர் கணக்குப் போட்டார். அதனால தைரியம் குடுக்கறதும் வேலைதான், ஒத்துக்கறேன். ஆனா பொய்யான தைரியம் குடுத்தா, நிஜமா ஓட்டை எங்கங்கறதே மறந்துடும்.

#11 கொளத்தூர்க்காரன்

என் பேர் குமரன் இல்ல பாஸ் 😀 ஆனா கணக்கு புரிஞ்சுது.

#12 நேர்வழி

சரி, நக்கல் விட்டுட்டுக் கேக்கறேன். 2022 அக்டோபர் 23, கோவை உக்கடம். தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசல்ல கார் வெடிச்சுது. செத்துப்போன ஜமேஷா முபின் யாரு? 2019லயே என்ஐஏ (தேசிய புலனாய்வு முகமை) விசாரிச்சு அனுப்பின ஆள். அவனை அன்னிக்கே உள்ள வெச்சிருந்தா? உங்க உரிமைக் கணக்குல இது எந்தப் பக்கம் வரும்? நல்லவேளை அவன் மட்டும் செத்தான். நேரம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா?

#13 கறுப்புக்கோட்டு

நல்ல கேள்வி. மழுப்ப மாட்டேன். அவரை உள்ளே வைத்திருந்தால் அந்தக் கார் வெடித்திருக்காது. ஆனால் 2019இல் விசாரித்து அனுப்பப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. விசாரிக்கப்பட்ட அத்தனை பேரையும் ஆதாரம் இல்லாமல் உள்ளே வைத்தால்தான் அந்த ஒருவரும் உள்ளே இருந்திருப்பார். சிறைக்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் கண்காணிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. ஏன் நடக்கவில்லை என்பதை ரிட்டையர்டு சார்தான் சொல்ல வேண்டும்.

#14 ரிட்டையர்டு_காக்கி

சொல்றேன். ஒரு ஆளை 24 மணி நேரமும் அவனுக்குத் தெரியாம ஒட்டணும்னா மூணு ஷிப்டு. ஷிப்டுக்கு நாலு பேராவது, ரெண்டு வண்டி, எழுதி வைக்க ஒருத்தன். லீவு, மெடிக்கல் போக ஒரு ஆளுக்கு பதினஞ்சு பேர். பத்து ஆளுக்கு ஒரு சின்ன சப்-டிவிஷனே காலி. இதுக்கு நடுவுல மந்திரி வந்தா எல்லாரையும் ரோட்டோரம் வெயில்ல நிக்க வெச்சிடுவாங்க. பார்க்கறவங்களுக்கு ரோடு பூரா போலீஸ். நிஜமா ஒட்ட வேண்டியவன் பின்னாடி யாரும் இல்ல. கேமராவும் செல்போனும் வந்து கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லணும், இதுல நம்ம தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. வாவிக்கரை அய்யா சொன்ன சஹ்ரான் பத்தி முதல்ல நூல் கிடைச்சதே கோவையில. 2018ல அங்க பிடிச்ச ஆளுங்களோட செல்போன், பென் டிரைவை உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்தப்ப அவனோட பேச்சு வீடியோ வந்துச்சு. அதைப் பிடிச்சுத்தான் டெல்லி மேல போச்சு. அது எந்த மெட்டல் கதவும் பிடிச்சதில்ல, எந்த மொத்த வாரலும் இல்ல. ஒரு கேஸு, சில ஆளுங்க, பொறுமையா உட்கார்ந்து கேட்ட போலீஸ்காரன். சட்டம் கடுமையா இருந்ததால கிடைச்சதான்னு கேட்டா, அப்படிச் சொல்ல மாட்டேன். கேக்கத் தெரிஞ்ச ஆள் இருந்ததால கிடைச்சுது.

#15 வாவிக்கரை

ஐயா, அந்த நூல் எங்கட பக்கம் வந்து என்னாச்சு என்று சொல்லி முடிக்கிறன்.

2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவில இருந்து தகவல் வந்திட்டுது. ஆள் யார், தேவாலயங்கள் இலக்கு எண்ட அளவுக்கு. 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாப் போனது. 11ஆம் திகதி இன்னொரு கடிதம். கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது, ஒரு தேவாலயத்துக்கும் ஒரு சொல் வரவில்லை. 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் என்றது. பொலிஸ் மா அதிபர், உளவுத்துறைப் பணிப்பாளர் ஆளுக்கு ஏழரைக் கோடி. சட்டம் இல்லாமலா போனது? நாற்பது வருஷமா இருந்தது. சென்றி இல்லாமலா? எங்க பார்த்தாலும் இருந்தது.

பிறகு என்ன செய்தாங்கள் தெரியுமே? ஏப்ரல் 29இல முகத்தை மூடத் தடை. குண்டு வச்சவன் ஒருத்தனும் முகத்தை மூடிக்கொண்டு வரவில்லை, தோள்ப்பையோட வந்தாங்கள். அடுத்த வருஷம் அஹ்னாப் ஜஸீம் எண்ட இளம் கவிஞரைத் தமிழில கவிதை எழுதினதுக்குப் பிடிச்சு, ஒன்றரை வருஷம் உள்ளுக்கு வச்சாங்கள். வன்முறைக்கு எதிரான கவிதையள் அதில இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளிட்டக் குடுத்திருந்தால் அரை மணித்தியால வேலை. பிணையில வெளியில வந்தவரை 2023 டிசம்பரிலதான் நீதிமன்றம் வழக்கில இருந்து விடுவிச்சது.

என்ட மகளின்ர பள்ளிக்கூடத்தில பெற்றோர் முறை வச்சு வாசலில நின்று பிள்ளைகளின்ர பையைப் பார்த்தம். நானும் நின்றனான். அறுபது, எழுபது சாப்பாட்டுப் பெட்டி திறந்திருப்பன். புட்டு, இடியப்பம், பாண். எனக்கு அது ஆறுதலாத்தான் இருந்தது, பொய் சொல்லப்படாது. மகளுக்குத்தான் இரவில பயம் கூடினது. "அப்பா, எங்கட பைக்குள்ள என்ன தேடுறீங்கள்?" என்று கேட்டாள்.

சீயோன் தேவாலயத்தில அண்டைக்கு உண்மையில சனத்தைக் காப்பாத்தினது ஒரு ஆள். காவலாளி இல்லை, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பஸ்தன். புது முகம் ஒண்டு பெரிய பையோட வர, யார், என்ன என்று கதை குடுத்து, பையை வெளியில வை என்று சொல்லி உள்ளுக்கு விடாமல் மறிச்சார். மண்டபத்துக்குள்ள நூற்றுக்கணக்கில சனம். வெடிச்சது முற்றத்தில. அவரும் போனார், வெளியில நின்ற பிள்ளைகள் கனபேர் போச்சுதுகள்.

#16 மாடக்குளம்

🙏 வேற என்ன எழுதறதுன்னு தெரியல.

#17 நேர்வழி

வவுணதீவு விஷயம் எனக்குத் தெரியாது. தேடிப் படிச்சேன். கடுமையான சட்டம் வேணும்ங்கற கருத்துல நான் மாறல. ஆனா தப்பான ஆளைப் பிடிச்ச அதிகாரிக்கும் அதே கடுமை வேணும்னு சேர்த்துக்கறேன்.

#18 கறுப்புக்கோட்டு

நேர்வழி, அந்த ஒரு வரியைச் சட்டமாக எழுத முடிந்தால் மற்ற பிரிவுகளில் பாதிக்கு வேலையே இருக்காது.

#19 கொளத்தூர்க்காரன்

இழை ஆரம்பிச்சவன் கடைசியா ஒண்ணு.

நேத்து அதே மால் பக்கம் ஒரு வேலை. முடிச்சுட்டுப் போனேன். அதே பெரியவர், அதே கதவு, கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. கூட்டம் இல்ல. ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேச்சு குடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊராம், மூணு வருஷமா இந்த வேலை. 12 மணி நேர டூட்டி, ஸ்டூல் கிடையாது.

"அய்யா, பையில என்ன தேடச் சொல்லி உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"ன்னேன்.

"சாப்பாடு, தண்ணி பாட்டிலு, பாக்கு. உள்ள விட்டா சம்பளத்துல பிடிப்பாங்க."

"குண்டு கிண்டு?"

"அதுக்கு சூப்பர்வைசர் நம்பர் குடுத்திருக்காங்க." சட்டைப் பையில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டுனாரு. வேர்வையில நனைஞ்சு நனைஞ்சு கடைசி ரெண்டு நம்பர் அழிஞ்சிருந்துச்சு. அப்புறம் டீ கப்பை நசுக்கிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு அவரே சொன்னாரு:

"வந்தா நான்தானே தம்பி வாசல்ல நிக்கிறேன்."

புது சீட்டுல நம்பரை எழுதிக் குடுக்கலாம்னு பேனாவை எடுத்தேன். முழு நம்பர் அவருக்கும் ஞாபகம் இல்ல.